பரவையில் பார்த்த மூன்று படிச் சிலுவை

பரவை காய்கறி மார்க்கெட்டுக்குப் பொழுது விடியும் முன்னரே லாரிகள் வந்துவிடுகின்றன. ஒட்டன்சத்திரம் பக்கமிருந்தும் கொடைக்கானல் மலையடிவாரத்திலிருந்தும் வந்த மூட்டைகளை லோடுமேன்கள் முதுகில் வாங்கிக் கமிஷன் கடைகளில் இறக்குகிறார்கள். குழல்விளக்கு வெளிச்சத்தில் முகத்தைவிடக் கைகள்தான் முன்னால் தெரிகின்றன. ஒரு கையில் வேல். இன்னொன்றில் திமிலை உயர்த்தி நிற்கும் காளை. அலங்காநல்லூரும் பாலமேடும் பக்கத்தில் இருக்கும்போது காளை இல்லாமல் எப்படி? மகள் பெயர், அம்மன் முகம், கட்சிக் கொடி என்று வரிசையாகக் கடந்துபோகும் கைகளுக்கு நடுவே அங்கங்கே சிலுவையும் வருகிறது. நான் பார்க்க வந்தது அந்தச் சிலுவைகளைத்தான்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் கூடல்நகர், பாத்திமா கல்லூரி, விளாங்குடி எல்லாம் தாண்டினால் பரவை. அந்தப் பக்கம் சமயநல்லூர், அதற்கும் அப்பால் வைகைப் பாசனத்தில் பச்சைப் பசேலென்று சோழவந்தான். வெளியூர்க்காரர்களுக்குப் பரவை என்றதும் நினைவுக்கு வருவது முனியம்மாதான். 2003-இல் ‘தூள்’ படத்தில் பாடி நடித்து, ஊர்ப் பெயரையே தம் பெயரின் முன்பாதியாக நாடெங்கும் கொண்டுபோனவர். 2020 மார்ச்சில் மறைந்தார். நாற்று நடும்போதும் களை எடுக்கும்போதும் பாடியே வலியை மறந்த பெண்களின் பாட்டு அவருடையது. பச்சை குத்தும்போதும் அப்படி ஒரு பாட்டு உண்டு என்பது அன்று காலையில் எனக்குக் கிடைத்த செய்தி.

சொன்னவர், மார்க்கெட்டின் வெளிப்புறம் சாக்கை விரித்து முருங்கைக்காய்க் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி. இங்கே மொத்தமாக வாங்கி, சமயநல்லூர்த் தெருக்களில் வீடு வீடாகக் கொடுப்பவர். வலது முன்கையின் உட்புறத்தில் கரும்பச்சையில் ஒரு சிலுவை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் முழு வடிவமும் பிடிபடுகிறது. நெடுக்காக ஒரு கோடு, குறுக்காக ஒரு கோடு. மேல் முனையிலும் இரு கைமுனைகளிலும் மும்மூன்று புள்ளிகள். அடியில் கோடு அப்படியே நின்றுவிடவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக, கீழே அகன்று மேலே குறுகும் மூன்று படிகளின்மேல் நிற்கிறது. தெற்கத்திக் கிறிஸ்தவ ஊர்களின் எல்லையில் படிமேடைமேல் சிலுவை நிற்கும் குருசடியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படிகள் உடனே புரிந்துவிடும். கல்லில் கட்டியதை யாரோ தோலில் கட்டியிருக்கிறார்கள். வயதேற ஏறக் கோடுகள் கசிந்து தடித்திருக்கின்றன. புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன.

“ஆத்தா, இது யார் குத்துனது?”

“குறத்திதான்யா. வேற யாரு குத்துவா?”

“எந்த ஊர்ல?”

“எனக்குப் பொறந்த ஊரு சிவகங்கைப் பக்கம். சவேரியார் திருநாளுக்கு வந்தா. கோயிலுக்கு வெளிய வேப்பமரத்தடியில ஒக்காந்து புள்ளைகளுக்கெல்லாம் வரிசையா குத்துனா. அப்ப நான் தாவணிகூடப் போடல.”

“வலிக்கலையா?”

“வலிக்காம இருக்குமா? அதுக்குத்தானே பாட்டுப் படிப்பா. ஊசி எறங்க எறங்கப் பாட்டு வேகமாப் போகும். எங்க அப்பத்தா காலை அமுக்கிப் பிடிச்சுக்கிச்சு. அம்புட்டுக்கும் ஒரு படி நெல்லு.”

முனையிலுள்ள மூன்று புள்ளிகளைப் பற்றிக் கேட்டேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். அந்தக் குறத்திக்கு இது தெரிந்திருக்குமா என்றதற்கு, “அவ கோலத்துக்கு வைக்கிற மாதிரி வச்சா, நாங்க சாமி பேரைச் சொல்லிக்கிட்டோம்” என்றார். பிறகு, முருங்கைக்காயை எண்ணி முடித்துவிட்டு, நான் கேட்காமலேயே சொன்னார்: “செத்தா நக நட்டெல்லாம் கழட்டிப்புடுவாக. இதக் கழட்ட முடியாதுல்ல. கூட வர்றது இது ஒண்ணுதான்.”

கூட வருவது பச்சை மட்டும்தான் என்ற இந்த நம்பிக்கை தமிழ்நாட்டில் மதம் பார்க்காது. முருகன் பெயரைக் குத்திக்கொண்ட பாட்டியும் இதையேதான் சொல்வார். கோலமும் தேளும் பெயரும் குத்திய அதே ஊசி, அதே மை, அதே கைதான் சிலுவையையும் குத்தியிருக்கிறது. சிலுவைப் பச்சை என்றதும் மேல்நாட்டுப் பாடகர்களும் கால்பந்து வீரர்களும் நம் பையன்களுக்குக் கொடுத்த மோகம் என்று நினைப்பவர்கள் பரவைக்கு ஒரு காலை நேரம் வந்து, அறுபது எழுபது வயதுப் பெண்களின் கைகளைப் பார்க்க வேண்டும்.

அந்த மை எப்படித் தயாரானது என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1906-லும் 1909-லும் வெளியான தம் நூல்களில் குறவர் பெண்களின் பச்சை குத்தும் தொழிலை விவரமாகப் பதிவு செய்திருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டுவார்கள். அந்தத் திரியை விளக்கெண்ணெய் விளக்கில் ஏற்றி, மேலே புதுப் பானையைக் கவிழ்த்துவிடுவார்கள். பானையின் உட்புறம் படிந்த கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை தயார். தையல் ஊசிகள் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால் கருவியும் தயார். கூலியோ ஒரு புள்ளிக்குக் காலணாவில் தொடங்கும், பெரிய வேலைப்பாட்டுக்குப் பன்னிரண்டணா, கிராமங்களில் அரிசி.

கரி கறுப்பு, ஆனால் கையில் தெரிவது பச்சை. கரித்துகள் தோலின் மேலடுக்குக்குக் கீழே உட்கார்ந்துவிடுகிறது. மேலடுக்கைத் துளைத்து வரும் ஒளி சிதறுவதால் அந்தக் கறுப்பு நம் கண்ணுக்கு நீலமும் பச்சையும் கலந்து தெரிகிறது. அது ஏன் சாகும்வரை போவதில்லை என்பதற்குப் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018-இல் எலிகளை வைத்து ஒரு விளக்கம் தந்தார்கள். தோலிலுள்ள காப்பு அணுக்கள் மைத்துகளை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவை மடிந்ததும் வெளிவரும் மையைப் புதிதாக வரும் அணுக்கள் விழுங்கிக்கொள்கின்றன. ஒரு தலைமுறை அணுவிடமிருந்து அடுத்த தலைமுறை அணு வாங்கி வாங்கித்தான் அந்த முருங்கைக்காய் ஆத்தாவின் சிலுவை இன்னும் அங்கே நிற்கிறது.

பச்சை குத்திய அந்தக் கைகளுக்கு நேர்ந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1871-இல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. ஊர் ஊராகப் போய்ப் பிழைத்த குறவர் சமூகத்தார் அதில் சிக்கினார்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக அனுமதி கேட்டு நிற்க வேண்டியவர்களுக்கு, திருவிழாவுக்குத் திருவிழா நடந்து பிழைக்கும் தொழில் எப்படி நடக்கும்? அதே சட்டத்தை எதிர்த்து உசிலம்பட்டிக்குப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று மக்கள் திரண்டபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. கைரேகை வைக்க மறுத்த ஊர் அது. கையில் அரசாங்கம் கேட்ட மையும், கையில் மக்கள் தாமே விரும்பி ஏற்றுக்கொண்ட மையும் இந்தச் சமவெளியில் ஒரே காலத்தில் இருந்திருக்கின்றன. சட்டம் நாடு முழுவதும் நீங்கியது 1952-இல்தான். இன்னொன்று: குறவர் வேறு, பாசிமணி விற்கும் நரிக்குறவர் வேறு. இரு சமூகங்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் வழக்கத்தைப் படித்தவர்களாவது விட்டுவிட வேண்டும்.

பரவையிலிருந்து டவுன் பஸ்ஸில் ஏறி மதுரைப் பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளுக்கு நடை தூரம். கடை ஒன்றின் நிழலில், பேட்டரியில் ஓடும் சிறு மிஷினும் பிளாஸ்டிக் ஃபைலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஃபைலைப் புரட்டினால் முதல் பக்கம் ஓம், வேல், சூலம். அடுத்த பக்கம் பிறையும் 786-ம். அதற்கடுத்து சிலுவைகள்: வெறும் சிலுவை, மாலை சுற்றிய சிலுவை, இதயத்தில் குத்தி நிற்கும் சிலுவை. மாதா முகம் தனியாக ஒரு பக்கத்தில். கோயில் கோபுரத்துக்குக் கீழே உட்கார்ந்து இதைச் செய்வதில் அவருக்கு எந்தத் தயக்கமும் இல்லை. “கேக்குறத குத்துறதுதானே சார் நம்ம வேல. வேளாங்கண்ணிக் கொடியேத்தத்துக்குப் போனா மாதா, இங்க மீனாட்சி” என்றார். அவருடைய அம்மா கை ஊசியில் குத்தியவர். இவருக்கு மிஷின். அம்மா பாடிய பாட்டு தெரியுமா என்று கேட்டேன். மிஷின் சத்தத்தில் பாட்டு எங்கே கேட்கும் என்றார்.

ஊசியை ஆளுக்கு ஆள் மாற்றுகிறாரா என்றும் கேட்டேன். வெந்நீரில் கழுவுவதாகச் சொன்னார். அது போதாது. ஒருவருக்குக் குத்திய ஊசி இன்னொருவருக்குப் போனால் மஞ்சள் காமாலை பி, சி கிருமிகளும் எச்.ஐ.வி.யும் கூடவே போகலாம். ரத்த தானத்துக்குப் போனால் சமீபத்தில் பச்சை குத்தினீர்களா என்று கேட்பதும், குத்தியிருந்தால் சில மாதம் கழித்து வரச் சொல்வதும் இதனால்தான். ஆனால் இதற்கு வழி, போலீஸை விட்டு இவர்களை வீதியிலிருந்து விரட்டுவதல்ல. ஆளுக்கொரு புது ஊசி என்ற பழக்கத்தையும், சிறு பயிற்சியையும், அடையாள அட்டையையும் மாநகராட்சியோ சுகாதாரத் துறையோ கொடுத்தால் ஒரு பரம்பரைத் தொழில் பாதுகாப்பாகத் தொடரும். இந்த நாட்டின் மூன்று மதங்களை ஒரே ஃபைலில் வைத்துக்கொண்டு பசியாறுகிறவர்களுக்கு அவ்வளவு செய்வது நம் கடமை.

உடம்பில் சின்னம் தரிப்பதைப் பற்றி ஒரு பெரிய வழக்கே மதுரையில் நடந்திருக்கிறது. இங்கே முத்துக்குளித்துறைக் கடற்கரையிலிருந்து வந்து தங்கிய பரவர்களுக்காக 1590-களிலிருந்தே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சேசு சபைக் குரு இருந்தார். 1606-இல் வந்து சேர்ந்தார் இத்தாலியரான ராபர்ட் டி நொபிலி, நமக்குத் தத்துவ போதகர். அவர் காவி உடுத்தினார், புலால் விட்டார், நெற்றியில் சந்தனம் பூசினார். தம்மிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் விட வேண்டியதில்லை என்றார். பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். வழக்கு கோவாவுக்குப் போய், ரோமுக்கும் போனது. 1623 ஜனவரியில் போப் பதினைந்தாம் கிரகோரி, அவை மூடநம்பிக்கை நோக்கம் இல்லாமல் ஊர் வழக்கமாக இருக்கும்வரை ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தார். உடம்பில் இடும் குறி மதத்துக்குச் சொந்தமா, மண்ணுக்குச் சொந்தமா என்ற கேள்வியை மதுரைதான் வத்திக்கான்வரை கொண்டுபோனது. நொபிலி பேசியது மேல்சாதியாரின் நெற்றியையும் தோளையும் பற்றி. வயல்காட்டுப் பெண்கள் யாரிடமும் தீர்ப்புக் கேட்கவில்லை. திருநாளுக்கு வந்த குறத்தியிடம் கையை நீட்டினார்கள். ஊர் வழக்கமும் புது விசுவாசமும் ஒரே கோட்டில் வந்து சேர்ந்தன. நொபிலியின் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

மறுப்பவர்களும் உண்டு. லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் 28-ஆம் வசனத்தைக் காட்டி, உடலில் எழுத்துக் குத்துவது தகாது என்பார்கள் பெந்தெகொஸ்தே சபையார் பலர். அந்த வசனம் செத்தவர்களுக்காக உடலைக் கீறிக்கொள்வதோடு சேர்ந்து வருகிறது என்றும், அது அக்காலத்து அயல் சடங்குகளைத் தடுக்க வந்தது என்றும் வேறு சிலர் விளக்குவார்கள். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் கடைசியில் பவுல் தம் உடம்பில் இயேசுவின் அடையாளங்களைத் தரித்திருப்பதாகச் சொல்வதை எதிர்ப்பக்கம் எடுத்துக்காட்டுவார்கள். பவுல் பட்ட அடிகளின் தழும்பு அவை என்பதே பொதுவான பொருள். கத்தோலிக்கத் திருச்சபையில் பொதுவான தடை இல்லை. என் கருத்தைக் கேட்டால், மூன்று படிச் சிலுவையோடு அறுபது ஆண்டு மூட்டை சுமந்த கையைப் பார்த்து, இது பாவம் என்று சொல்ல எனக்கு நா எழாது.

உலகத்தில் வேறெங்கெல்லாம் சிலுவை தோலில் ஏறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எகிப்தின் கோப்து கிறிஸ்தவர்கள் வலது மணிக்கட்டின் உட்புறம் சிறு சிலுவை குத்திக்கொள்கிறார்கள். சிறுபான்மையாக வாழும் இடத்தில் அதுவே அடையாள அட்டை, குழந்தைக்கும் உண்டு. எத்தியோப்பியாவின் வடக்கே பெண்களின் நெற்றியில் சிலுவை. போஸ்னியாவில் துருக்கியர் ஆட்சிக் காலத்தில் கத்தோலிக்கப் பெண்கள் கைகளிலும் விரல்களிலும் குத்திக்கொண்டார்கள். ஜெருசலேமில் ரஸூக் என்ற குடும்பம், எகிப்திலிருந்து வந்த காலம் தொட்டுப் பல நூற்றாண்டுகளாக, ஆலிவ் மரத்தில் செதுக்கிய அச்சுகளைத் தோலில் ஒற்றி, அந்தக் கோட்டின்மேல் யாத்ரீகர்களுக்குக் குத்திவருகிறது. நடுவில் பெரிய சிலுவை, நான்கு மூலைகளில் நான்கு சிறிய சிலுவைகள். அதுதான் ஜெருசலேம் சிலுவை. பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர் 1862-இல் அங்கே போய்க் கையில் அதைக் குத்திக்கொண்டு வந்தார். திருநாளில் குறத்தி, திருயாத்திரையில் ரஸூக். வேலை ஒன்றுதான்.

மாலையில் நகருக்குள் ஒரு டாட்டூ ஸ்டுடியோவுக்குப் போனேன். குளிர்சாதனம், சாய்வு நாற்காலி, கையுறை, உறை பிரிக்கப்படாத ஊசிகள். அங்கே சமயநல்லூரிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர். சி.ஆர்.பி.எஃப். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்.

“அண்ணே, எடது கையில, உள்பக்கம். கால்வாசிக்கு மேல போயிரக் கூடாதுண்ணே, மெடிக்கல்ல கழிச்சுருவாங்க.”

“தெரியும்ப்பா. வாரத்துக்கு நாலு பேரு இதுக்கே வாராங்க.”

அவர் சொன்னது விதிப்படி சரி. மத்தியப் படைகளின் மருத்துவத் தேர்வில் மதச் சின்னத்துக்கும் பெயருக்கும் தடை இல்லை. ஆனால் சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோ மட்டும் இருக்கலாம். அளவு அந்த உறுப்பின் கால் பங்குக்குள் அடங்க வேண்டும். பாட்டிகள் வலது கையில் தாங்கியதைப் பேரன்கள் இடது கைக்கு மாற்ற வைத்தது இந்த விதிதான்.

டிசைன் தேர்வுதான் நீண்ட நேரம் போனது. டேப்லெட்டில் நூற்றுக்கணக்கில் சிலுவைகள். வட்டத்துக்குள் பின்னல் வேலைப்பாடு கொண்ட அயர்லாந்துச் சிலுவை, மூன்று ஆணிகளைக் கட்டிச் செய்த சிலுவை, முள்முடி மாட்டியது, மணிக்கட்டைச் சுற்றிவந்து உள்ளங்கையருகே சிலுவை தொங்கும் ஜெபமாலை, நங்கூரத்தோடு சேர்ந்தது. நங்கூரம் ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் முதல் கிறிஸ்தவர்கள் வரைந்த நம்பிக்கைச் சின்னம். கடலோரப் பையன்கள் அதை அதிகம் கேட்பார்களாம். தலைகீழ்ச் சிலுவை ஒன்றைக் கண்டதும் அந்த இளைஞர் முகம் சுளித்தார். சினிமாவில் அது பேய்க்கு உரியதாகிவிட்டது. ஆனால் ஆண்டவரைப் போலச் சாகத் தனக்குத் தகுதி இல்லை என்று தலைகீழாகத் தொங்கிய பேதுருவின் சிலுவை அது. தாழ்மையின் சின்னத்தைத் தூக்கிச் சாத்தானிடம் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாடுபட்ட சுரூபத்தோடு வேண்டுமா, வெறும் சிலுவையா என்பது அடுத்த பேச்சு. இதில் நம் ஊர்ச் சபைகளின் வரலாறே ஒளிந்திருக்கிறது. கத்தோலிக்கர் வீட்டில் ஆண்டவர் தொங்கும் சிலுவை. தென்னிந்தியத் திருச்சபையார் வீட்டில் பெரும்பாலும் வெறும் சிலுவை, உயிர்த்தெழுந்தவர் அங்கே இல்லை என்ற பொருளில். அமெரிக்க மிஷனரிகள் 1834-இல் மதுரைக்கு வந்த நாளிலிருந்து இரண்டும் இங்கே பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கின்றன. அந்த இளைஞரின் அப்பா வீடு ஒன்று, அம்மா வீடு மற்றொன்று. கடைசியில் வெறும் சிலுவையையே எடுத்தார். அளவு சிறிதென்றால் உருவம் சில வருஷத்தில் கலங்கிவிடும் என்று கலைஞர் சொன்னதுதான் காரணம். விசுவாசச் சண்டையை ஊசியின் பருமன் தீர்த்துவைத்தது. தாளில் அச்சிட்ட படத்தைத் தோலில் ஒற்றி எடுத்தார்கள், மிஷின் ஓடத் தொடங்கியது. இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது.

எனக்கு ஒரு குறை. அத்தனை சிலுவைகளில் நம் மண்ணில் பிறந்தது ஒன்றுகூட இல்லை. சென்னைப் பரங்கிமலையில் 1547-இல் போர்ச்சுகீசியர் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை இருக்கிறது. ஓரத்தில் பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து, உச்சியில் இறங்கிவரும் புறா, கைமுனைகளில் மொட்டு, அடியில் இருபுறமும் விரியும் இதழ்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. கேரளத்துக் கோட்டயத்திலும் அதன் உடன்பிறப்புகள் உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவான பின் அதன் சின்னத்திலும் தாமரை இதழ்களுக்கும் நெருப்பு நாக்குகளுக்கும் நடுவே சிலுவை நிற்கிறது. தாமரைமேல் நிற்கும் சிலுவையைவிட அழகான பச்சை எது? புள்ளி வைத்த படிச் சிலுவை இன்னும் எளியது. ஐந்தாறு கோடுகளில் முடிந்துவிடும். கலைஞரிடம் பரவையில் எடுத்த படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். “இது எங்க சார் கெடச்சது? கோலம் மாதிரியும் இருக்கு, கல்லறை மாதிரியும் இருக்கு” என்று தன் போனுக்கு வாங்கிக்கொண்டார். யாருடைய கை என்று கேட்டார்; சொன்னேன்.

மறுநாள் மானாமதுரை பஸ் பிடித்து, வழியில் பிரிந்து இடைக்காட்டூர் போனேன். வறண்ட சிவகங்கைச் சீமையின் நடுவே செங்கல்லும் சுடுமண்ணுமாக எழுந்து நிற்கும் திரு இருதய ஆலயம். பிரெஞ்சுக்காரரான பெர்டினாண்ட் செல் அடிகளார், பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தை மனத்தில் வைத்து 1894-இல் கட்டி முடித்தது. உள்ளே திரு இருதயத்தின் உருவம்: முள்முடி சுற்றிய இதயம், மேலே தீ, தீயின் நடுவே சிறு சிலுவை. வந்திருந்த குடும்பங்களில் பையன்கள் சிலரின் கையிலும் அதே இதயம் இருந்தது. மதுரை வீதி ஃபைலில் பார்த்ததும் அதுதான். வழி நெடுகக் குருசடிகள். சுண்ணாம்பு அடித்தது, டைல்ஸ் ஒட்டியது, சீரியல் பல்பு கட்டியது. எல்லாவற்றுக்கும் அடியில் படிகள். இந்தச் சீமைக்குக் கிழக்கே ஓரியூரில்தான் அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டுச் செத்தார், 1947-இல் புனிதராக்கப்பட்டார். முருங்கைக்காய் ஆத்தா பிறந்த திசை இது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்த அந்தக் குறத்தி, எதிரே தெரிந்த குருசடியைப் பார்த்தே படிகளைக் குத்தியிருக்க வேண்டும் என்பது என் துணிபு.

அப்படிப்பட்ட சிலுவைகள் இப்போது வேகமாகக் குறைந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு பாட்டியோடும் ஒன்று மண்ணுக்குள் போகிறது. சேசு சபையின் மதுரை மிஷன் குருக்கள் எழுதிய கடிதங்களும் குறிப்புகளும் கொடைக்கானல் மலையில் செண்பகனூர் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கைகளில் இருப்பதைப் பத்திரப்படுத்த வேண்டியது அவரவர் வீட்டார்தான். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. உசிலம்பட்டிச் சாலையில் கருமாத்தூரில் அருளானந்தரின் பெயராலேயே ஒரு கல்லூரி இருக்கிறது. மாணவர்களை ஒரு விடுமுறைக்கு ஊர் ஊராக அனுப்பினால் போதும்.

உங்கள் அப்பத்தா, அம்மாச்சி கையில் சிலுவையோ கோலமோ தேளோ எது இருந்தாலும், அவர் அனுமதி கேட்டு, வெயில் வெளிச்சத்தில் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். எந்த வயதில், எந்தத் திருவிழாவில், யார் குத்தினார், கூலி என்ன கொடுத்தார்கள், குத்தியவர் என்ன பாடினார் என்று கேட்டு அதன் பின்புறம் எழுதிவையுங்கள். குத்தியவரின் ஊர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அவர் பிள்ளைகளில் யாராவது இன்னும் இந்த வேலையைச் செய்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.